ஐந்தாம் நகல்

அந்த இயந்திரத்தை நான் கண்ணால் கண்டதில்லை.
ரப்பர் பொத்தான்கள் என்பான் ஸெனோன்,
ஒரு மணி நேரம் ஓடினால்
கோழிக்குஞ்சு போல வெதுவெதுப்பாகுமாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் கையேடு.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஹாம்பர்க்கில் யாரிடமோ இரவல் வாங்கிச்
சட்டைக்குள் செருகி வந்தான், என் கொழுந்தன்.
ஆறு வாரத்தில் திருப்பித் தரவேண்டும்.

பகலெல்லாம் ஆலையில் நூல்கணக்குத் தட்டுவேன்.
வெள்ளிக்கிழமைகளில் தட்டச்சுப்பொறியைக்
குழந்தைவண்டியில் போட்டு
வூச் நகரத்துப் பனியில் வீட்டுக்குத் தள்ளி வருவேன்.
ஸெனோன் வாசித்து, மாற்றிச் சொல்வான்.
கப்பல் வானொலியில் கற்ற ஆங்கிலம்,
புயலும் சரக்கும் மட்டும் தெரிந்த ஆங்கிலம்.

"ஸ்டாக்" என்ற சொல்லில் நின்றுவிட்டான்.
தேநீர் ஆறியது.
பிறகு "ஸ்டோஸ்" என்றான். விறகடுக்கு.
எங்கள் மொழியில் சிதைக்கும் அதுதான் சொல்.
தட்டினேன்:
திரும்பவேண்டிய முகவரியைச் சிதையின் உச்சியில் வை.
கடைசியாக வைத்ததே முதலில் எடுக்கப்படும்.
அன்று எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஐந்து தாள், நடுவே நான்கு கார்பன்.
முதல் நகலோடு ஸெனோன் மறுபடி கப்பலேறினான்.
இரண்டும் மூன்றும் பல்கலைக்கழகத்துக்குப் போயின,
நான்காவதை ஒரு பல் மருத்துவர் வாங்கினார்
(பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ).
ஐந்தாவது பாதி விலைக்குப் போனது.
அதில் எழுத்துகள்
கண்ணாடியில் ஊதிய மூச்சைப் போல இருந்தன.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, கதவு தட்டினார் லுடோமிர்,
டிராம் பணிமனை மின்பணியாளர்.
நகங்களில் கிரீஸ், கக்கத்தில் ஐந்தாம் நகல்.
அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்தார்.
"அம்மணி, இது எட்டா, பி-யா?"

பதினோரு இடங்களில் அப்படி.
எண்ணுக்குள் எழுத்தைக் கலக்கும் கணக்கு அது,
ஒன்பதுக்கு மேல் விரல் போதாமல்
எழுத்தைக் கடன்வாங்கும் கணக்கு.
தவறாக ஒன்று விழுந்தாலும் திரை கறுத்துவிடும்.
"இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு வழிகள்" என்றார்.
"முன்னூற்றுப் பதினேழு பார்த்தாயிற்று."
குறைசொல்லும் குரல் இல்லை அது.
வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அதில் ஒரு வரியும் புரிந்ததில்லை.
தட்டச்சுப்பொறி ஆலையில் இருந்தது.
மேசையில் உருளைக்கிழங்குத் தோலை ஒதுக்கிவிட்டு
ரெக்சின் விரிப்பின்மேல் கைகளை வைத்தேன்.
"மேலிருந்து படியுங்கள்" என்றேன்,
"மங்கிய இடத்தில் நிறுத்துங்கள்."
கண்ணை மூடினேன்.

அவர் படித்தார். விரிப்பில் தட்டினேன்.
அவர் நிறுத்தினார்.
இடக்கைச் சுட்டுவிரல் கீழே இறங்கியது.
பி.
மறுபடி நிறுத்தினார்.
வலக்கை நடுவிரல் மேல்வரிசைக்கு எட்டியது.
எட்டு.
மூளையைக் கேட்டிருந்தால் கையை விரித்திருக்கும்.
கையோ யாரையும் கேட்கவில்லை.
பென்சில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.
அடுத்த வீட்டில் யாரோ கம்பளம் அடித்தார்கள்.

ஒன்பதாவது இடத்தில்
இரண்டு விரலும் அசையவில்லை.
வரியை மூன்று தரம் படிக்கவைத்தேன்.
அன்றைக்குக் குழந்தை அழுதிருக்கலாம்,
மின்சாரம் போயிருக்கலாம்,
சிதையையே நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.
"தெரியவில்லை" என்றேன்.
"பரவாயில்லை, இனி இரண்டே வழிதான்" என்றவர்
தொப்பியைப் போட்டுக்கொண்டு,
அரைக்கிலோ காபிக்கொட்டையை
வேண்டாம் என்னச் சொல்ல நேரம் தராமல் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரவில்லை.
ஓடியிருந்தால் சொல்ல வந்திருப்பாரா,
ஓடாவிட்டால்தான் வந்திருப்பாரா?
பன்னிரண்டாம் எண் டிராமில் ஒருதரம் பார்த்தேன்,
கூட்டம், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

இப்போதும் ஆலையில் நூல்கணக்கில் எட்டு வந்தால்
நடுவிரல் ஒரு கணம் நிற்கிறது.
கீழ்வரிசையில் இடக்கை விரல்
தன்னை அழைத்தார்களோ என்று
லேசாகத் தலை தூக்குகிறது.